ஜன்னலில் ஒரு விரல் இடைவெளி

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் எதையும் மூடாமல் வைக்க முடியாது. சோற்றுப் பானைக்குத் தட்டு, தண்ணீர்க் குடத்துக்குத் துணி, படுக்கும்போது முகத்துக்கு முந்தானை. மேற்கிலிருந்து வரும் காற்று தெருப் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து ஜன்னல் சந்துகளில் வாய் வைத்து ஊதும். காலையில் பாயைச் சுருட்டினால் பாய் கிடந்த இடத்தில் மட்டும் சிவப்பாகத் தரை தெரியும். சுற்றிலும் மாவு சலித்துவிட்டது போல இருக்கும்.

இப்போது நான் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. குடியிருக்கும் வீடு புதிது. ஜன்னல் கதவைச் சாத்தினால் சட்டத்தில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். காற்று வெளியிலேயே நின்று சத்தம் போட்டுவிட்டுப் போய்விடும். என் சம்பாத்தியத்தில் வாடகை கொடுத்து இருக்கும் வீடு என்பதில் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. ஆனாலும் ஆடியில் அந்தச் சத்தம் கேட்கும்போது, மதுரை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்த எங்கள் பழைய வீட்டு ஜன்னல்தான் கண்ணுக்கு முன்னால் வருகிறது.

எங்கள் வீடுகளில் அப்பா என்றால் அத்தா. அத்தா மெத்தை தைப்பவர். கடைவீதியில் ஒரு சின்னக் கடை. நாள் முழுக்கப் பஞ்சு அடித்துவிட்டு வரும்போது அவர் புருவமும் தாடியும் வெள்ளையாக இருக்கும். அம்மா வீட்டிலிருந்தபடியே தலையணை உறைகள் தைத்துக் கொடுப்பாள். அரபு அழகாக ஓதுவாள். தமிழில் தன் பெயரை எழுதத் தெரியாது. அத்தாவுக்கும் தெரியாது. எங்கள் வம்சத்தில் முதன்முதலில் பேனா பிடித்த கை என்னுடையது.

தெருவைப் பார்த்த அறைக்கு ஒரே ஜன்னல். கண்ணாடி கிடையாது. உள்ளே கம்பிகள், வெளியே இரண்டு மரக் கதவுகள். எங்கள் சந்தில் எந்த வீட்டிலும் தெரு ஜன்னலைத் திறந்து வைக்கும் வழக்கம் இல்லை; பெண்கள் நடமாடும் அறை தெருவுக்குத் தெரியக் கூடாது. அதனால் கதவுகள் எப்போதும் சாத்தித்தான் இருக்கும். ஆனால் வலது கதவு பல வருஷ மழையில் ஊறி வெயிலில் வற்றி முறுக்கிக்கொண்டுவிட்டது. அதற்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு விரல் போகும் அளவுக்கு இடைவெளி. அம்மா கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து தெருவைப் பார்த்ததெல்லாம் அந்த இடைவெளி வழியாகத்தான். கல்யாண வீடு, மௌத்து விழுந்த துக்க வீடு என்று எப்போதாவது வெளியே போனால் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்து நடப்பாள். யார் வீட்டுக் கன்றுக்குட்டி ஓடுகிறது, யார் புதுச் சைக்கிள் வாங்கியிருக்கிறார் என்பதெல்லாம் அந்த இடைவெளி சொன்ன செய்திகள்.

என் படிப்பும் அந்த இடைவெளியில்தான் இருந்தது.

நான் பெரியவளானதும், பக்கத்து வீட்டிலிருந்த பெரியத்தா, அதாவது அத்தாவின் அண்ணன், "போதும், நிறுத்திடு" என்றார். அத்தா எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை. ஆனால் அன்றைக்கு மட்டும் தலையைக் குனிந்தபடியே பேசினார்.

"சந்து முனையில வண்டி நிக்குதுண்ணே. திரை போட்ட குதிர வண்டி. ஓட்டுறவரு உங்களுக்குத் தெரிஞ்ச பாய். வாசல்லேர்ந்து வண்டி வரைக்கும் அவ அம்மா ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பா. வர்றப்பவும் அப்படித்தான்."

பெரியத்தா தாடியைத் தடவிக்கொண்டே யோசித்தார். "சரி. வீட்டுப் பார்வைக்குள்ள போயிட்டு வரட்டும். பார்வை என்னிக்குத் தப்புதோ அன்னிக்குப் படிப்பும் நின்னுச்சு. ஒப்புக்கிறியா?"

"ஒப்புக்கிட்டேன்."

இப்படித்தான் நான் தெப்பக்குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத் தொடர்ந்து போனேன். வாசலை விட்டு இறங்கும்போது பின்னால் ஜன்னல் கதவருகே வளையல் சத்தம் கேட்கும். அம்மா ஜன்னலுக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம். முதுகை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன்.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த வருஷம் அத்தாவுக்கு இழுப்பு வந்தது. அத்தனை வருஷப் பஞ்சுத் தூசும் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. புத்தூரில் ஒரு டாக்டர் பார்த்தார். கடைக்குப் போகக் கூடாது, தூசு ஆகாது, காற்று நேராக அடிக்கிற இடத்தில் படுக்கக் கூடாது என்றார். உள்ளறையில் அடுப்புப் புகை. அதனால் தெரு அறையில்தான் கட்டில் போட வேண்டியிருந்தது. ஆடி வந்தது. காற்றும் வந்தது. அத்தா இரவெல்லாம் உட்கார்ந்தபடி மூச்சுக்குப் போராடினார்.

அம்மா வீட்டை அடைக்க ஆரம்பித்தாள். மெத்தைக்கு வெட்டி மிஞ்சிய காடாத் துணியை நீளவாக்கில் கிழித்து, விரல் பருமனுக்குக் குழாய் போலத் தைத்து, குடைக் கம்பியால் இலவம்பஞ்சைக் குத்திக் குத்தி உள்ளே ஏற்றினாள். பாம்புக்குட்டிகள் போல வரிசையாகக் கிடந்தன. அவற்றை ஜன்னல் சட்டத்தின் சந்துகளில் கத்தி முனையால் அழுத்திச் செருகினாள். வாசற்கதவின் அடியில் நீளமான ஒரு திண்டு. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் சாக்கு.

கட்டிலிலிருந்து அத்தா பார்த்துக்கொண்டே இருந்தார். "என் நெஞ்சுல பஞ்சு அடைச்சது பத்தாதுன்னு வீட்டுக்கும் அடைக்கிறியா?"

"நெஞ்சுல அடைச்சது தானா அடைச்சது. இது நான் தைச்சு அடைக்கிறது, கெட்டியா நிக்கும்" என்றாள் அம்மா.

மரப்பலகைகளின் கீறல்களுக்குப் பேப்பர் ஒட்டினோம். மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது. அம்மா ஒரு பட்டையைத் தலைகீழாக ஒட்டிவிட்டாள். நான் விடவில்லை, உரித்து நேராக ஒட்ட வைத்தேன்.

"காத்துக்கு எழுத்து தெரியுமா? எப்படி ஒட்டுனா என்ன?"

"எனக்குத் தெரியும்ல. தினமும் நான்தானே பாக்கணும்."

"சரி, என்ன எழுதியிருக்கு, படி."

படித்தேன். முடி கொட்டுவதை நிறுத்தும் தைலத்துக்கான விளம்பரம். அம்மா சிரித்துவிட்டு, "பெரியத்தா வந்தா அவருக்கும் படிச்சுக் காட்டு" என்றாள். பெரியத்தாவுக்கு முன்மண்டையில் முடி கிடையாது.

அத்தா கொல்லைப் பக்கம் போயிருந்த நேரத்தில் நான் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு ஜன்னல் ஓரமாக மெதுவாக நகர்த்தினேன். புகை எங்கே வளைகிறதோ அங்கே ஓட்டை. அம்மாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. என் பின்னாலேயே ஊசியும் பஞ்சுமாக வந்தாள். ஒவ்வோர் ஓட்டையாக அடைபட்டு, புகை நேராக மேலே போக ஆரம்பித்தது. கடைசியில் வலது கதவின் அந்த ஒரு விரல் இடைவெளிக்கு வந்தோம். புகை அப்படியே படுத்து, கோடு போட்டதுபோல அத்தாவின் தலையணையை நோக்கிப் போனது.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அம்மா கையில் கடைசிப் பஞ்சுக்குழாய் இருந்தது. செருகவில்லை.

மறுநாள் பெரியத்தா வந்தார். ஜன்னலருகே கையை நீட்டிப் பார்த்தார். "எல்லாத்தையும் அடைச்சிட்டு இதை ஏன் விட்டு வச்சிருக்கீங்க?" பிறகு அவருக்கே புரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி மூச்சு பெருசா, புள்ள படிப்பு பெருசா?" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தம்பியின் இழுப்பைக் கேட்டு அவரும் தூங்காமல்தான் இருந்தார்.

அம்மா உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ரெண்டும்தான்" என்றாள்.

அன்று பிற்பகல் கடைசிக் குழாயைப் பிரித்து வேறு விதமாகத் தைத்தாள். ஒரு பக்கம் கொஞ்சம் தடிமனாக, இழுப்பதற்குத் துணிக் காது வைத்து. இடைவெளியில் செருகினால் கெட்டியாக நிற்கும். காதைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். அத்தா அதற்கு 'கார்க்' என்று பெயர் வைத்தார். காலையில் நான் இறங்கியதும் அம்மா கார்க்கை எடுப்பாள். நான் வண்டி ஏறியதும் செருகுவாள். மாலையிலும் அப்படியே. எடுத்த நேரமெல்லாம் காற்று அத்தாவின் முகத்தில் அடிக்கும். அவர் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொள்வார். செருகியதும், "ஏறிட்டாளா?" என்று கேட்பாராம். கண்ணை மூடிக்கொண்டே கேட்பாராம்.

ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றில் பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பிய எங்கள் வண்டி தெப்பக்குளத்தைத் தாண்டவில்லை. ஆனைக்கா, ஸ்ரீரங்கம் கோயில்களுக்குப் போகிற கூட்டம், வருகிற கூட்டம், பஸ், மாட்டு வண்டி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டு நின்றது. வண்டியில் என்னோடு வந்த மற்றப் பெண்கள் திரையை விலக்கி வேடிக்கை பார்த்தார்கள். பூவும் வேப்பிலையுமாகப் பெண்கள் சாரி சாரியாக நடந்து போனார்கள். யாரோ ஓர் அம்மாள் எங்கள் பக்கம் ஒரு சீப்பு வாழைப்பழத்தை நீட்டிவிட்டுப் போனார். அவர்கள் சாப்பிட்டார்கள். நான் என் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். இருட்டிவிட்டால் பார்வை எப்படி எட்டும்? பார்வை எட்டாவிட்டால் திங்கட்கிழமை நான் இந்த வண்டியில் இருக்க மாட்டேன்.

"வண்டிய விட்டு எறங்கி நடந்துடவா பாய்?" என்று கேட்டேன்.

"எறங்குனியோ, உன் பெரியத்தா என் குதிரைய விட்டுட்டு என்னைப் பூட்டிடுவாரு. சும்மா உக்காரு" என்றார் வண்டிக்காரர்.

சந்து முனையில் இறங்கியபோது அந்தித் தொழுகைக்கான மஃரிபு பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். எங்கள் வாசலில் பெரியத்தா நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திரும்பி எனக்கு முன்னால் உள்ளே போனார்.

உள்ளே விளக்கு அணைந்திருந்தது. காற்று அறை முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. அத்தா ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் குந்தியிருந்தார். அவர் மூச்சு வாசல்வரை கேட்டது. நான் நுழைந்த பிறகுதான் அம்மா ஜன்னலை விட்டுத் திரும்பினாள். விளக்கை ஏற்றியபோது பார்த்தேன், சட்டத்தின் விளிம்பு அவள் கன்னத்தில் கோடாகப் பதிந்திருந்தது. கார்க்கைச் செருகிவிட்டு உள்ளறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

வழக்கமான நேரத்துக்கு எடுத்தவள் அதுவரை செருகவே இல்லை என்று பிறகு சொன்னாள். இடையில் அத்தாவுக்கு இருமல் தாங்காமல் போனபோது, "அடைச்சிடவா?" என்று கேட்டாளாம்.

"புள்ள வந்துட்டாளா?"

"இன்னும் இல்ல."

"அப்ப எதுக்கு அடைக்கிறே?" என்றாராம்.

பெரியத்தா நின்றபடியே பேசினார். "பேச்சுன்னா பேச்சா இருக்கணும் தம்பி. இருட்டுல பார்வை எங்க போச்சு?"

அத்தா ஒவ்வொரு சொல்லாக மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "பார்வை தப்பலண்ணே. புள்ள உள்ள வர்ற வரைக்கும் காத்து என் மூஞ்சில அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. ஒரு நிமிஷம் நிக்கல, அவ ஜன்னல விட்டு நகரவே இல்ல. எனக்கு இல்லாத சாட்சியா?"

பெரியத்தா குனிந்து தம்பியின் முதுகைக் கொஞ்ச நேரம் தடவிவிட்டார். பிறகு, "இப்படி அடிச்சா நீ இருக்க மாட்டேடா" என்றார். அவர் குரல் உடைந்துவிட்டது. படிப்பு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "பெரியத்தா, கண்ணாடி வச்சா காத்து வராது. பாக்கவும் பாக்கலாம்."

"வச்சா? தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் உள்ள பாப்பான். இதுக்குத்தான் படிக்க வச்சோமா?"

"பாக்க முடியாது. எங்க பள்ளிக்கூடத்துல ஜன்னலுக்கெல்லாம் கண்ணாடிதான். உள்ளேருந்து வெளியே நல்லாத் தெரியும். வெளியே நின்னு பாத்தா நம்ம மூஞ்சியும் மரமும்தான் தெரியும். வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு, அதான்."

"இதையுமா பாடத்துல சொல்றாங்க?"

"பாடத்துல இல்ல. நானே பாத்தது."

பெரியத்தா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அத்தா, "ஒரு தடவ வச்சுப் பாப்பமேண்ணே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, படங்களுக்குக் கண்ணாடி போட்டுத் தரும் கடையிலிருந்து ஓர் ஆள் வந்தார். வலது கதவின் பலகையில் இரண்டு கை அகலத்துக்குச் சதுரமாக அறுத்து, கண்ணாடியைப் பொருத்தி, சுண்ணாம்புப் பொடியை எண்ணெயில் பிசைந்து சுற்றிலும் அப்பினார். அம்மா கார்க்கின் காதை வெட்டிவிட்டு அதை இடைவெளியில் நிரந்தரமாகச் செருகினாள். மேலே பேப்பரையும் ஒட்டினோம். ஊதுவத்திப் புகை நேராக மேலே போனது.

பிறகு சோதனை. அம்மா உள்ளே கண்ணாடிக்கு எதிரில் நின்றாள். பெரியத்தா தெருவில் இறங்கி, நெற்றியில் கையைக் குவித்துக்கொண்டு, கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை நீட்டினார். இடது பக்கம் சாய்ந்து பார்த்தார். வலது பக்கம் சாய்ந்து பார்த்தார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். எதிர்வீட்டுச் சுவரும் அவரும்தான் அதில் தெரிந்தார்கள்.

"உள்ள ஆள் இருக்கா இல்லையா?" என்று உரக்கக் கேட்டார்.

உள்ளே அம்மா முணுமுணுப்பது கேட்டது. உடனே அத்தாவின் குரல், பல நாள் கழித்துச் சிரிப்போடு வந்தது. "இருக்காண்ணே! உங்க தாடியில சோத்துப் பருக்கை ஒட்டியிருக்காம்!"

பெரியத்தா தடவிப் பார்த்தார். இருந்தது.

எனக்குத் தலை கால் புரியவில்லை. அன்று மாலைவரை அந்தச் சந்தில் என்னைவிட அறிவாளி யாரும் இல்லை. மஃரிபு முடிந்து, விளக்கை ஏற்றி, அத்தாவுக்குத் தட்டு வைத்து நாங்களும் சாப்பிட உட்கார்ந்தோம். வாசற்கதவை யாரோ உடைப்பது போலத் தட்டினார்கள். பெரியத்தா.

"விளக்க மறை! முதல்ல விளக்க மறை! தொழுதுட்டு வர்றவன் எல்லாம் பாத்துக்கிட்டே போறான். நீ கத்திரிக்காயைத் தட்டு ஓரத்துல ஒதுக்குறது வரைக்கும் எனக்குத் தெரியுது!"

நான் ஒதுக்கியிருந்தது உண்மைதான். இப்போது உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு. பள்ளிக்கூடத்தை நான் பகலில் மட்டும்தானே பார்த்திருந்தேன். அம்மா பாய்ந்து போய் ஒரு தலையணையை எடுத்துக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றாள். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை வண்டி வரும், நிற்கும், நான் இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது.

பெரியத்தா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அறை அசையாமல் இருந்தது. விளக்கின் சுடர் நிமிர்ந்து எரிந்தது. அத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வாய்க்கு நடுவில் மூச்சு வாங்க அவர் நிறுத்தவில்லை. பெரியத்தா அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் எழுந்தார். "அந்தத் தலையாணியையே அளவா தைச்சு மாட்டிடச் சொல்லு. வெளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி மூடணும். காலையில எடுத்துடணும்." வாசலுக்குப் போனவர் நின்றார். "வண்டி வர்றதுக்கு முன்னாடி எடுத்துடணும். அப்புறம் புள்ளைய பாக்கல, கிக்கலன்னு சொல்லக் கூடாது."

அவர் போன பிறகு அத்தா என்னைப் பார்த்தார். "கேட்டியா? கத்திரிக்காயத் தின்னு."

அந்த ஆடி முழுக்கக் காற்று அடித்தது. அத்தாவின் இழுப்பு முழுசாகப் போகவில்லை, ஆனால் இரவில் படுத்துத் தூங்க முடிந்தது. கண்ணாடியை எங்கள் சந்து வேறு விதமாக எடுத்துக்கொண்டது. போகிற வருகிற எல்லாரும் அதில் முகம் பார்க்க ஆரம்பித்தார்கள். வண்டிக்கார பாய் குதிரையை நிறுத்திவிட்டு வந்து தலைப்பாகையைச் சரிசெய்வார். பெண் பார்க்கப் போகிறவர்கள் மீசையைத் திருத்துவார்கள். பால்காரர் பல்லை இளித்துப் பார்ப்பார். ஒரு சாண் தூரத்தில் அம்மா நிற்பது ஒருவருக்கும் தெரியாது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள். பெரியத்தாவும் தினமும் தாடியைப் பார்த்துவிட்டுத்தான் தொழுகைக்குப் போகிறார் என்று அத்தாவிடம் சொல்லுவாள். இத்தனை வருஷமாக ஒரு கோடாகப் பார்த்த தெருவை அவள் முகம் முகமாகப் பார்த்தாள்.

ஒருநாள் மாலை உறை தைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"ஊரே பாத்துட்டுப் போவுது. நீ மட்டும் ஏன் பாக்காமப் போறே?"

"வண்டிக்கு நேரமாவுது. என் மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியும். படிக்கப் போற மூஞ்சிய நான் எங்க பாத்தேன்? தினமும் உன் முதுகையும் சடையையும்தான் பாக்குறேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நாளைக்கு ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டுப் போ."

மறுநாள் வாசலை விட்டு இறங்கியதும் ஜன்னலுக்கு நேராக நின்றேன். கண்ணாடியில் வெள்ளைத் தாவணியும், மார்போடு அணைத்த புத்தகங்களும், எதிர்வீட்டுச் சுவரும் தெரிந்தன. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டேன். உள்ளே வளையல் சத்தம் கேட்டது. பிறகு நிமிர்ந்து வண்டிக்கு நடந்தேன்.